தோட்டத்தில் தானாக முளைப்பதில் எதைப் பிடுங்குவது, எப்படிப் பிடுங்குவது?

செங்கோட்டைப் பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கிறது, மழை பெய்ததும் விதைக்காத செடியெல்லாம் முளைக்கிறது, எது களை, திரும்ப வராமல் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் தோட்டமும் அந்தப் பக்கம்தான், புளியரை போகும் வழியில். நம் ஊருக்கு மழை இரண்டு தடவை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழை இன்னொன்று. களையும் அதேபோல் இரண்டு தடவை முளைக்கும். மழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாளில், செடி விரல் உயரம் இருக்கும்போதே ஒரு சுற்று வந்துவிடுங்கள். மண் ஈரமாக இருப்பதால் வேரோடு வரும்.

முதலில் வரும் இரண்டு இலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது விதையிலை, பல செடிகளுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடுத்து விடும் இலைதான் செடியைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் விதைப்பதை வரிசையாக விதையுங்கள். அதே விதையில் நாலைந்தைத் தனியாக ஒரு தொட்டியிலும் போட்டு வையுங்கள். பாத்தியில் சந்தேகம் வந்தால் தொட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் அதிகம் ஏமாற்றுவது சவுண்டல் (சூபாபுல்) மரக்கன்று. அகத்திக்கன்று என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் உண்டு. அகத்தியில் ஒரே காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலை வரிசையாக இருக்கும். சவுண்டலில் அந்தக் காம்பே கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் பொடி இலைகள் இருக்கும். சாண் உயரத்தில் கையால் இழுத்தாலே வந்துவிடும். இடுப்பு உயரம் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும், ஆணிவேர் அவ்வளவு ஆழம். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். விதையின் தோல் தடிமனானது, ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து முளைக்கும். அதனால் காய் முற்ற விடவே கூடாது. இதை வேம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மரத்தடியில் கூட்டமாக முளைத்தாலும் வேப்பம் விதை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஒரு தடவை பிடுங்கினால் அடுத்த பழம் உதிரும்வரை தொல்லை இல்லை.

பார்த்தீனியம் இளசாக இருக்கும்போது தரையோடு படிந்து, செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டான இலைகளை வட்டமாக விரித்திருக்கும். அந்த நிலையிலேயே எடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும், மூச்சிழுப்பும் வரலாம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். 1950களில் புனேயில் கண்ணில் பட்ட செடி நாடு முழுக்கப் பரவியது இப்படித்தான். பூத்துவிட்ட செடியை உரக்குழியில் போட வேண்டாம். அதன் இலையில் வெளிர் நிறத்தில் கரும்பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு தெரிந்தால் கொன்றுவிடாதீர்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து பெங்களூருவில் விட்ட வண்டின் வம்சம் அது.

கோரைதான் உண்மையிலேயே பொறுமையைச் சோதிப்பது. தண்டை விரலால் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும், புல்லுக்கு அப்படி இருக்காது. இழுத்தால் வெள்ளையாக அடித்தண்டோடு வந்துவிடும். எடுத்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் மண்ணைக் கிளறிப் பார்த்தால் கறுப்பாக, மொச்சைக்கொட்டை அளவில் கிழங்கு உள்ளேயே இருக்கும். அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. மண்வெட்டியால் கொத்தினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடி ஆகிவிடும். களைக்கொத்தியால் பக்கத்தில் ஆழமாகக் குத்தி மண்ணை நெம்பித் தளர்த்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்குகளைப் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் மேல் அரையடி மண்ணுக்குள்தான் இருக்கும். மிச்சம் முளைக்க முளைக்க இலையை எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு வற்றிப்போகும். கோரைக்கு நிழல் ஆகாது. அந்த இடத்தில் தட்டைப்பயறோ பூசணியோ படரவிட்டால் பெரிய அளவில் குறையும்.

மலையோரம் இருந்தால் கம்யூனிஸ்ட் பச்சையும் வரும், அந்தப் பக்கத்து மலையாளிகள் சொல்லும் பெயர் அது. எதிரெதிர் இலை, அடியிலிருந்து மூன்று நரம்பு, கசக்கினால் காட்டமான வாசம். விதை காற்றில் பறந்து வரும். சின்னதிலேயே பிடுங்கினால் சிரமம் இல்லை. சுவர் இடுக்கில் பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள். வேர் உள்ளே போய்விட்டால் சுவரைக் கொத்தித்தான் எடுக்க முடியும்.

களைக்கொல்லி வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேரளம் 2019-லேயே தடை செய்தது. 2022-ல் மத்திய அரசும் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உப்புக் கரைசல் ஊற்றச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள், மண் கெட்டுவிடும்.

மணத்தக்காளி, குப்பைக்கீரை, கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் வந்தால் ஓரமாக விட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் பாதிக் கீரை அப்படித்தான் கிடைக்கிறது.

புதுப் பாத்தி போடும்போது மண்ணைச் சமன்படுத்தி, தண்ணீர் விட்டு, பத்து நாள் சும்மா போடுங்கள். முளைத்த களையை மேலோட்டமாகச் செதுக்கி எடுத்துவிட்டு அப்புறம் விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் பழைய விதை மேலே வந்துவிடும். மக்காத சாணத்திலும் களை விதை இருக்கும், நன்றாக மக்கியதையே போடுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமண்ணாக விடாமல் தென்னோலை, சருகு கொண்டு மூன்று நாலு விரற்கடை கனத்துக்கு மூடுங்கள். செடியின் தண்டை மட்டும் தொடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் சாரல் நேரத்தில் ஈரம் தங்கித் தண்டு அழுகிவிடும்.