மண்டையோட்டு அடிக்கட்டி: ஆபரேஷனுக்கு அப்புறம் ‘கரண்ட்’ ஏன்?

அம்மாவுக்குக் கண்ணுக்குப் பின்னால் மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும் கட்டி). ஆபரேஷன் முடிந்த பிறகு, ‘கொஞ்சம் விட்டிருக்கிறோம், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். எடுக்க முடியாமலா விட்டார்கள், டாக்டர்? (மஞ்சக்குப்பம், கடலூர்)

தெரிந்தேதான் விட்டிருப்பார்கள். கண்குழிக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் கேவர்னஸ் சைனஸ் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அதற்குள்தான் போகிறது. கண்ணை அசைக்கும் 3, 4, 6ஆம் நரம்புகளும் அங்கேதான். கட்டி இவற்றைச் சுற்றிக்கொண்ட பிறகு ஒட்டச் சுரண்டினால், இமை தொங்கிப் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம். தமனி கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மூளையை அழுத்தும் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை எங்களைப் போன்ற கதிர்வீச்சுக்காரர்களிடம் விடுகிறார்கள். பார்வை நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

இன்னொன்று. பயாப்ஸியில் முதல் கிரேடு, அதாவது மெதுவாக வளரும் வகை, என்று வந்து, மிச்சமும் சின்னதாக இருந்தால் உடனே கரண்ட் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, வளர்ந்தால் கொடுக்கலாம். இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு காமா நைஃப் (கத்தியில்லாமல் கட்டியில் கதிரைக் குவிப்பது) ஒரே நாளில் முடிந்தது. எனக்கு மட்டும் 30 தடவை வரச் சொல்கிறார்களே? (பாகூர்)

அவருடைய கட்டி வேறு, உங்களுடையது வேறு. மிச்சம் சுமார் 3 செ.மீ.க்குள் இருந்து, பார்வை நரம்பை விட்டு விலகியும் இருந்தால் ஒரே நாள் போதும். அந்த நரம்புக்கு ஒரே தடவையில் 8 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவைத் தாண்ட யோசிப்போம். கட்டிக்கோ 12 கிரேக்கு மேல் வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் தினம் 1.8 கிரே வீதம் 28 முதல் 30 தடவை பிரித்துக் கொடுப்பதுதான் வழி. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். முதலில் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு முட்டாது.

கார்டோமா (மண்டையோட்டு அடி எலும்பில் வரும் அரிய கட்டி) என்றால் கணக்கே வேறு, 70 கிரேக்கு மேல் போகும். கட்டியைத் தாண்டிப் பெரிதாகப் போகாத புரோட்டான் கதிர் பற்றிக் கேளுங்கள். சென்னையில் 2019 முதல் இருக்கிறது.

கரண்ட் வைத்துக்கொண்டு வந்து பேரனைத் தூக்கலாமா? (நெய்வேலி)

தாராளமாக. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது.

ஜிப்மரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறோம். என்ன கொண்டுபோவது? (வில்லியனூர்)

ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ.யின் சி.டி., ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும். படத்தை போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் காட்டுகிறார்கள். அதை வைத்து மில்லிமீட்டர் அளக்க முடியாது, சாமி!

கரண்ட் முடிந்து மூன்று வருடம். கட்டி அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரே அசதி. (பண்ருட்டி)

மற்ற சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி பக்கத்திலேயே இருப்பதால், வருடங்கள் கழித்து அது மெதுவாகச் சோர்ந்துபோவதுண்டு. காலையில் கார்ட்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு), கூடவே ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) பாருங்கள், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கார்ட்டிசால், ஃப்ரீ டி4 இரண்டும் குறைவு என்றால் முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் ஆபத்து.