அச்சு இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏழு மாதங்களாக, வீடு அடங்கிய பிறகு, உள்ளங்கை அளவுள்ள லினோலியத் (தரையில் விரிக்கும் ஒருவகை விரிப்புப் பொருள்) துண்டுகளில் இலை, பறவை, சாவி, பழைய கைக்கடிகாரம் என்று சின்னச் சின்ன உருவங்களைச் செதுக்கிக் கையாலேயே அச்செடுத்து வருகிறேன். முறைப்படி ஓவியம் கற்றதில்லை. பிரதிகள் ஒன்றுபோல் வருவதில்லை. கறுப்பு திட்டுத்திட்டாக விழுகிறது. சிறிய அச்சு இயந்திரம் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். விற்காத பொருளுக்கு இயந்திரம் எதற்கு என்கிறார் கணவர். பெரிதாகச் செய்து விற்கலாமே என்கிறார்கள் தோழிகள். இத்தனை சிறிய வேலைக்கு இத்தனை இரவுகளைச் செலவிடுவது தவறோ என்ற உறுத்தலும் வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக இதைச் சொல்லவில்லை. கறுப்பு திட்டுத்திட்டாக விழுவதற்கும் இயந்திரம் இல்லாததற்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை என்பதால் சொல்கிறேன். மையிலும் தாளிலும் உள்ள கோளாறை வைத்துக்கொண்டு இயந்திரத்தில் அழுத்தினால், அதே கோளாறு இன்னும் அழுத்தமாகப் பதியும், அவ்வளவுதான்.

முதலில் மையைப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் மையை அதிகமாகப் பூசுகிறார்கள். கறுப்பு போதவில்லை என்று தோன்றும்போது இன்னும் பூசுகிறார்கள். நுண்ணிய கோடுகளுக்குள் மை வழிந்து அடைத்துக்கொள்கிறது. கண்ணாடிப் பலகையில் மிகக் குறைவான மையை இட்டு, உருளையை நீளவாக்கிலும் குறுக்கிலும் பலமுறை ஓட்டுங்கள். சளசளவென்ற ஈர ஓசை அடங்கி, பட்டுத்துணியைத் தடவுவது போன்ற சன்னமான ஓசை எழும்போது மை பதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் செதுக்கிய லினோலியத்தின் மேல் ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை ஏற்றுங்கள். நீரில் கரையும் மையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது பலகையிலேயே சில நிமிடங்களில் காயத் தொடங்கும் என்பதையும், பாதி காய்ந்த மைதான் திட்டுகளுக்கு முக்கியக் காரணம் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணெய் மை மெதுவாகக் காயும் என்பதால் நிதானமாக வேலை செய்ய இடம் கொடுக்கும். ஆனால் பிரதிகள் உலரப் பல நாட்கள் கூட ஆகலாம்.

அடுத்தது தாள். தடித்த, சொரசொரப்பான நீர்வண்ணத் தாள் பார்ப்பதற்கு மதிப்பாக இருக்கும். ஆனால் கையழுத்தத்துக்கு அது இணங்காது, அதன் பள்ளங்களில் மை எட்டாது. மெல்லிய, வழவழப்பான, நார் வலுவுள்ள தாளை மை பூசிய லினோலியத்தின் மேல் விரித்து மரக்கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். மல்பெரி நாரில் செய்த தாள் இதற்கென்றே பிறந்தது. ஓரத்தை மட்டும் தூக்கி மை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, குறைந்த இடத்தில் மீண்டும் தேய்க்கலாம். இயந்திரத்தில் இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளுத்துத்தான் வரும். அவற்றைச் சோதனைப் பிரதிகள் என்று ஒதுக்கி, நான்காவதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

இயந்திரம் இல்லாதது குறை என்று எண்ணுபவர்களுக்கு நான் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தைக் காட்டுவதுண்டு. ஏறத்தாழ 1831-ல் வெளிவந்த அந்த ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு, சுமார் 25 செ.மீ. உயரமும் 37 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் பிரதிகள் அத்தனையும் மூங்கில் மடல் சுற்றிய ஒரு வட்டத் தேய்ப்பானால் கையில் தேய்த்து எடுக்கப்பட்டவை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பிரதிகளை அருகருகே வைத்தால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. ஒன்றில் வானம் வெளுத்திருக்கும், ஒன்றில் தேய்ந்துபோன கோடு அறுந்திருக்கும். தேர்ந்த கைவினைஞர்களின் பிரதிகளே அப்படி வேறுபடும்போது, நம் இரவு நேர வேலையில் நான்காவது பிரதியும் ஏழாவது பிரதியும் சற்று மாறுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. திட்டு விழுவது பிழை, அதைத் திருத்தலாம். சிறு வேறுபாடு கைவேலைக்கே உரியது, அதை விட்டுவிடலாம். இரண்டையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

சிறியதாக இருப்பதைப் பற்றி: 1630-ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து, விழிகளை அகல விரித்து வியந்து நிற்பதுபோல் ஓர் உருவத்தைச் செப்புத் தகட்டில் கீறினார். அந்த அச்சு சுமார் 5 செ.மீ. உயரம்தான். உங்கள் உள்ளங்கையில் அதைப் போன்று இரண்டு அடங்கும். இந்தச் சான்று இல்லாவிட்டாலும், உங்கள் அளவு உங்கள் கருவிக்குப் பொருத்தமானது. கரண்டியால் தேய்ப்பவருக்குப் பெரிய அச்சு எதிரி. ஒரு மூலையைத் தேய்த்து முடிப்பதற்குள் மறு மூலையில் மை காய்ந்துவிடும். தோழிகள் "பெரிதாகச் செய்" என்று சொல்லும்போது அவர்கள் இந்தக் கரண்டியை நினைத்துப் பார்ப்பதில்லை.

விற்பதைப் பற்றியும் அவர்களைக் கோபிக்காதீர்கள். ஒரு பொருள் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல இக்காலத்தில் பலருக்கு "இதை விற்கலாமே" என்பதைத் தவிர வேறு சொல் அகப்படுவதில்லை. அதைப் பாராட்டாக மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை வைத்தவுடன் இரண்டு கடமைகள் கூடவே வரும்: பிரதிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பிறருக்குப் பிடித்த பறவையையே, உங்களுக்கு அலுத்த பிறகும், மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். ஏழு மாதத்தில் நீங்கள் தேடிப் பிடித்த இன்பம் இந்த இரண்டையும் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு ஆண்டுகள் போகட்டும் என்பது என் கருத்து. அதுவரை ஒவ்வோர் அச்சிலும் பத்துப் பிரதி எடுத்து, 1/10, 2/10 என்று விளிம்பில் பென்சிலால் எண்ணிட்டு, வேண்டியவர்களுக்குக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

இரவுகள் வீணாகின்றன என்ற உறுத்தலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரே இரவில் எல்லாவற்றையும் முடிக்க முயல்வதால்தான் அது பெரும் செலவாகத் தோன்றுகிறது. வரைவது ஓர் இரவு, செதுக்குவது அரை மணியாக நான்கைந்து இரவுகள், அச்செடுப்பது விடுமுறை நாளின் ஒரு காலைப்பொழுது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வயதைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன்: பிக்காசோ லினோலியச் செதுக்கில் முழு வேகத்தோடு இறங்கிய 1950-களின் இறுதியில் அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

சேர்த்த பணத்தில் சிறு பகுதியை நல்ல தாளுக்கும், உளி தீட்டும் கல்லுக்கும் செலவிடுங்கள். மழுங்கிய உளிதான் வழுக்கும். லினோலியம் குளிர்ந்து இறுகியிருந்தால் வெட்டுமுன் சற்றே சூடேற்றுங்கள். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து செய்த பொருள் என்பதால் இளஞ்சூட்டில் இளகிக்கொடுக்கும். மற்றொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். என் இடக்கை ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு, இந்த விதியை நான் அறிந்த நாளின் நினைவு.

உங்கள் கைக்கடிகாரப் படத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. எண்களை இடவலம் மாற்றிச் செதுக்கினீர்களா? வரைந்த தாளைக் கவிழ்த்து லினோலியத்தின் மேல் வைத்து நகலெடுத்தால் இந்தச் சிக்கல் வராது. நான் தொடங்கிய புதிதில், நண்பர் ஒருவருக்கு அவர் பெயரையே இரண்டு வாரம் செதுக்கி, முதல் பிரதியை எடுத்த பிறகுதான் எழுத்துகள் திரும்பி நிற்பதைக் கண்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்.