வாசகர் கேள்வி பதில்: குடும்ப நிலத்தில் தூண்டில் மீன்குளம்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற நிலத்தில் ஏறத்தாழ ஒரு ஏக்கர் பள்ளமாகக் கிடக்கிறது. மழைநீர் தேங்குவதால் பயிர் நிற்பதில்லை. அங்கே குளம் வெட்டி, பிள்ளைகள் தூண்டில் போடுவதற்கென்று மீன் விடலாம் என்று நினைக்கிறோம். ஜிலேபிக் கெண்டையை விட்டால் தானாகவே பெருகும், மறுபடி குஞ்சு வாங்க வேண்டியதில்லை என்கிறார் அண்ணன். அவர் சொல்வது சரியா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மண்ணிலிருந்து தொடங்குங்கள். மழைநீர் தேங்குகிறது என்பதை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். நீரைத் தாங்குவது மேலே உள்ள ஓர் அடிக் களிமண்ணாக இருந்து, வெட்டும்போது அதைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டால், இன்று நிற்கிற நீரும் நாளை நிற்காது. ஆகவே நாலைந்து இடங்களில், குளம் எவ்வளவு ஆழம் இருக்கப்போகிறதோ அதைவிடச் சற்று ஆழமாகவே குழி தோண்டி, ஒவ்வோர் அடியிலும் மண்ணை எடுத்துப் பாருங்கள். ஈரமண்ணைக் கையில் இறுக்கி உருட்டி, ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடித்தால், நல்ல களிமண் உருண்டை உடையாது; மணல் மிகுந்தது கையிலேயே உதிர்ந்துவிடும். பிறகு இடுப்பளவுக் குழி ஒன்றில் காலையில் விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். மாலையில் குறைந்திருப்பதை மீண்டும் நிரப்பி, தழையால் மூடிவையுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதி நீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் தயங்காமல் வெட்டலாம்.

கரைதான் குளத்தின் உயிர். கரை அமையும் இடத்தில் புல், வேர், மேல்மண் அனைத்தையும் வழித்தெடுத்துவிட்டு, அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டிக் களிமண்ணை நிரப்பி இடித்த பிறகே மேலே கட்ட வேண்டும். மண்ணை அரையடி அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்கினால்தான் கசிவு வராது. உட்புறச் சரிவு, ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்று படுத்தவாறு இருந்தால் அலை அரிக்காது. பிள்ளைகள் நின்று தூண்டில் வீசவும் அதுவே பாதுகாப்பு. கரைமேல் மரம் வைக்காதீர்கள். வேர் செத்து மக்கும் இடத்தில் நீருக்கு வழி பிறந்துவிடும். பெருமழை நீர் வழிந்தோடக் கலிங்கு ஒன்றைப் புதிதாகக் கொட்டிய மண்ணில் அல்லாமல், கரையின் கோடியில், அசையாத பழைய நிலத்தில் அமையுங்கள். கலிங்கு இல்லாத கரை ஒரே இரவில் உடைந்து, கீழ்நிலத்துக்காரரின் பயிரையும் கொண்டுபோகும். பெரும்பகுதி ஐந்து முதல் ஆறடி ஆழமும், கோடையில் மீன் ஒதுங்க ஒரு மூலையில் எட்டு அடியும் போதுமானது.

இனி அண்ணன் சொன்னதைப் பார்ப்போம். ஜிலேபிக் கெண்டை பெருகும் என்பது உண்மை, சிக்கலும் அதுவேதான். வெப்பமான நீரில் இரண்டு மூன்று மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கி, இருக்கிற இரையை ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பங்கு போட, எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடும். அதைத் தூண்டிலில் பிடிப்பதில் பிள்ளைகளுக்கு என்ன மகிழ்ச்சி இருக்கும்? மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுவில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிர்கால் மூன்றையும் சேர்த்து விட்டால் ஒன்றின் இரையை மற்றொன்று பறிப்பதில்லை. இவை தேங்கிய நீரில் தாமாக இனம்பெருக்குவதில்லை என்பதால், பிடித்த மீனைக் குறிப்பேட்டில் எழுதி, குறையும் அளவுக்குக் குஞ்சு வாங்கி விடுங்கள். தீவனம் பெரிதாகப் போடாத ஒரு ஏக்கருக்கு 1,000 குஞ்சுகள் போதும்: கட்லா 400, மற்றவை தலா 300. மூன்று நான்கு அங்குல நீளக் குஞ்சாகக் கேளுங்கள்.

நீர் நிரம்பியதும் மீனை விட அவசரப்பட வேண்டாம். சுண்ணாம்பு தூவி, மக்கிய சாணம் இட்டு, முழங்கைவரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை தெரியாத அளவுக்குப் பசுமை ஏறும்வரை பொறுங்கள். குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, வாய் திறந்து குளத்துநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறும்படி சாய்த்துப் பிடியுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, மறுநாள் காலையில் வெள்ளை வயிறுகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தக் கால் மணி நேரத்தை ஒருபோதும் சுருக்கியதில்லை.

கேள்வி: எங்கள் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. இது நோயா?

பதில்: பெரும்பாலும் உயிர்வளிக் குறைவு. பகலில் உயிர்வளி தரும் பாசியும் இரவில் அதையே சுவாசிப்பதால், விடியும் நேரத்தில்தான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். எருவையும் தீவனத்தையும் உடனே நிறுத்துங்கள். இறைக்கும் நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். இரண்டு மூன்று நாட்களிலும் மாறவில்லையென்றால் குளத்தில் மீன் அதிகம் என்று பொருள், வலைபோட்டுக் குறைத்துவிடுங்கள்.