தம்பி, கரப்பனுக்குக் கஞ்சா எண்ணெய் எடுக்க முன்னம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஸ்காபரோவுக்கு வந்து பத்து மாதம், வேலை அனுமதியில் இருக்கிறீர்கள், உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுகிறீர்கள். குளிர் தொடங்கியதோடு கை இரண்டிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பன் (இங்கே எக்ஸிமா என்பார்கள்) வெடித்து இரவில் நித்திரை இல்லை. அறையில் கூட இருக்கும் பெடியன், "கனடாவில் கஞ்சா சட்டப்படி மருந்து, கணினியில் ஒரு வைத்தியரோடு பத்து நிமிடம் கதைத்தால் எழுதித் தருவார், எண்ணெய் எடுத்தால் மாறிவிடும்" என்கிறான், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அறை வாடகை, கார்க் காப்புறுதி, வேலை ஏஜென்சி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கரப்பன். 1995 தை மாதம், எக்லின்டன் வீதிக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ற் அறையில், கை இரண்டையும் இரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டு விடிய விடிய இருந்தவள் நான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஒக்டோபர் 17இல் இருந்து கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்கலாம், வைத்திருக்கலாம். ஒன்ராறியோவில் அதற்கு வயது 19. மருத்துவத் தேவைக்கான தனி ஏற்பாடு 2001இல் இருந்தே இருக்கிறது. வைத்தியர் ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று ஒரு பத்திரம் எழுதித் தருவார். அதை மத்திய அரசின் உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தில் பதிந்தால் பொருள் தபாலில் வரும். மருந்துக்கடையில் கிடைக்காது. இதுவரை உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பத்திரத்தை அவர் மருந்துச் சீட்டு என்று நினைத்துவிட்டார். கஞ்சா எண்ணெயைக் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் கரப்பனுக்கு மருந்து என்று பரிசோதித்து அங்கீகரித்தது கிடையாது. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அதற்குக் காசு கட்டாது.

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் இருப்பது ஒரு வேலை அனுமதி, புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தருகிற ஒரு ஜி2 லைசென்ஸ், நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட ஒரு விண்ணப்பம். உங்களுக்கு அறிவுரை சொல்கிற பலருடைய கையில் கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது. அவர்கள் பிழைவிட்டால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் பிழைவிட்டால் எங்கே போவீர்கள்? இதை யோசிக்காமல் பிறந்தநாள் விழாவில் கையில் பிளேற்றோடு நின்று புதுப் பிள்ளைகளுக்கு வைத்தியம் சொல்கிற எங்கள் ஆட்கள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு.

ஒன்ராறியோவில் ஜி1, ஜி2 வைத்திருப்பவர்கள் உடம்பில் கஞ்சாவோடு வாகனம் ஓட்டவே கூடாது. உமிழ்நீர்ச் சோதனையில் தெரிந்தால் லைசென்ஸை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பார்கள். மருத்துவப் பத்திரம் உள்ளவருக்கு அந்த மாகாண விதியில் ஒரு விலக்கு உண்டு. குற்றவியல் சட்டத்தில் அப்படி எந்த விலக்கும் இல்லை. கஞ்சாவில் போதை தருகிற பொருளான டிஎச்சி, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நானோகிராம் இருந்தாலே குற்றம். 5ஐத் தொட்டால் பெரிய குற்றம். தினம் எடுப்பவரின் இரத்தத்தில் அது தலை தெளிந்த பிறகும் நெடுநேரம் நிற்கும். இரவு எண்ணெய் குடித்துப் படுத்தவர் காலையில் வேலைக்குக் கார் எடுக்கும்போது தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்.

2018 டிசெம்பர் 18இல் இருந்து போதையில் வாகனம் ஓட்டும் அந்தப் பெரிய குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. நீதவான் உங்களை ஆயிரம் டொலர் அபராதத்தோடு விட்டுவிடலாம். ஆனால் குடிவரவுச் சட்டம் உங்களுக்குக் கிடைத்த தண்டனையைப் பார்க்காது, கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைப் பார்க்கும். 10 ஆண்டு என்றால் அது பாரதூரமான குற்றம். நிரந்தர வதிவிடம் கிடைத்து வீடு வாங்கி இருப்பவரைக்கூட அதைக் காட்டி வெளியே அனுப்ப முடியும். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற உங்கள் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது அமெரிக்க எல்லை. கோடை வந்தால் எங்கள் ஆட்கள் வான் பிடித்து ரோச்செஸ்டர் பக்கம், ரஷ் என்ற ஊரில் இருக்கும் ராஜராஜேஸ்வரி அம்மன் கோவிலுக்குப் போவார்கள். உங்களையும் யாராவது கூப்பிடுவார்கள். நியூயோர்க் மாநிலத்திலும் கஞ்சா சட்டப்படிதானே என்று பையில் அந்தப் போத்தலோடு ஏறிவிடாதீர்கள். எல்லை அமெரிக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது, அவர்களுக்கு அது இன்றும் தடைசெய்த பொருள். கனடாச் சட்டத்திலும் கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம். மருத்துவப் பத்திரம் இருந்தாலும் குற்றம், போதை தராத சிபிடி எண்ணெய் என்றாலும் குற்றம், பூசுகிற கிறீம் என்றாலும் குற்றம். ஊருக்குப் போகும்போது அம்மாவின் மூட்டு வலிக்கு ஒரு போத்தல் என்ற நினைப்பே வேண்டாம். டுபாயிலும் சிங்கப்பூரிலும் விமானம் மாறும் இடத்தில் கனடாச் சட்டம் உங்களோடு கூட வராது.

என் கணவரின் மச்சான் ஒருவர் பெரிய லொறி ஓட்டியவர். அவருக்கு முதுகு முழுக்கச் சொரியாசிஸ், அதுவும் அரிக்கிற ஒரு தோல் வியாதி. பத்திரம் எடுத்து, மாதம் மாதம் எண்ணெய் வாங்கி, அரிப்பு இல்லாமல் நித்திரை கொள்கிறேன் என்று சந்தோசமாகச் சொன்னார். அமெரிக்காவுக்குச் சாமான் கொண்டுபோகிற சாரதிகள் அங்கத்தைய போக்குவரத்துத் திணைக்களத்தின் போதைப்பொருள் சோதனைக்கு உட்பட்டவர்கள் என்பதும், வைத்தியரின் பத்திரம் அங்கே செல்லாது என்பதும் அவருக்குத் தெரியாது. சிறுநீர்ச் சோதனை ஒன்றில் பிடிபட்டு அமெரிக்க ஓட்டம் முழுவதும் போனது. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். அந்த மாரியில் அவருடைய மனைவி எங்கள் குசினி மேசையில் இருந்து அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முதுகு? அரைவாசிகூட ஆறவில்லை. நித்திரை வந்ததால் இரவில் சொறிவது குறைந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துத் தோல் வைத்தியர் மெதோட்ரெக்ஸேற் கொடுத்தார், பிறகு ஊசி மருந்து. தோல் அப்போதுதான் சுத்தமானது.

இதனால் கஞ்சாவில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊரில் கஞ்சா என்றதும் வாயைப் பொத்திய பெரியவர்களின் கட்சி நானில்லை. என் மகள் மருந்தாளர். இதை எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தியவள் அவள்தான். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலம் என்ற விஞ்ஞானியும் சக ஆய்வாளர் ஒருவரும் கஞ்சாவில் இருந்து டிஎச்சியைப் பிரித்தெடுத்தார்கள். 1992இல் அவருடைய ஆய்வுகூடத்தில், எங்கள் உடம்பே அதைப்போல ஒரு பொருளைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைட். சமஸ்கிருத ஆனந்தம்தான் அது. அந்தப் பொருள் போய் ஒட்டுகிற வாங்கிகள் மூளையில் மட்டுமில்லை, தோலிலும் இருக்கின்றன. அரிப்பைக் கடத்துகிற நரம்பு நுனிகளிலும் இருக்கின்றன. அதனால் கஞ்சாவில் இருந்து அரிப்புக்கு ஒரு மருந்து வரக்கூடும் என்று ஆராய்கிறவர்கள் நியாயமான ஆட்கள்தான். ஆனால் மனிதர்களில் செய்த சோதனைகள் இன்னும் சிறியவை. எவ்வளவு, எந்தக் கலவை, எத்தனை நாள் என்று கரப்பனுக்கு நிலையான அளவு சொல்லும் கட்டத்துக்கு அது வரவில்லை.

தமிழ்க் கடைகளிலும் விழாக்களிலும் லேபல் சரியில்லாத சிறு போத்தல்களில் விற்கிறார்களே, அவற்றைத் தொடவே வேண்டாம். சிபிடி கூடக் கஞ்சாச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உரிமம் இல்லாதவர் விற்க முடியாது. சிலர் ஹெம்ப் என்கிற கஞ்சா வகைச் சணலின் விதை எண்ணெயைக் காட்டி அதே பொருள் என்பார்கள். விதையில் சிபிடி இருப்பதில்லை.

சரி, உங்கள் கைக்கு வருவோம். உங்கள் கரப்பனுக்குப் பாதிக் காரணம் நீங்கள் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது. எட்டு மணி நேரம் சுடுதண்ணீரும் சவர்க்காரமும். கடையில் தருகிற ரப்பர் கையுறைக்குள் வியர்த்து ஊறுகிற கை. இரவு நடுங்கிக்கொண்டு வந்து கொதிக்கக் கொதிக்க ஒரு குளிப்பு. பிறகு முழு இரவும் ஹீற்றர். இங்கே மாரியில் வீட்டுக்குள் காற்று ஊர் வெயிலைவிடக் காய்ந்துபோய் இருக்கும். கிணற்றில் வாளி வாளியாக அள்ளி வார்த்த உடம்புக்கு அது தெரியாது. நானும் அப்படித்தான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சுடுதண்ணீரில் நின்றேன். கடித்த இடத்தில் சுடுதண்ணீர் படும்போது ஒரு சுகம் வருமே, அது பொல்லாத சுகம். அரை மணித்தியாலம் கழித்து இரண்டு மடங்காகக் கடிக்கும்.

அப்போது என்னோடு இருந்த மாமி, கரப்பன் சாமான் என்று கத்தரிக்காய், இறால், கணவாய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் பருப்பும் சோறும். உடம்பு மெலிந்தது, கரப்பன் மெலியவில்லை. குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றச் சொன்னார், ஊற்றினேன், எரிந்தது. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் ஒரு கிறீம் கொடுத்தார். மூன்று நாளில் மாயம்போல் மாறியது. நிறுத்தினால் திரும்ப வந்தது. ஒரு வருடம் பூசிய பிறகு கையின் தோல் வெங்காயச் சருகுபோல் மெல்லியதாகிவிட்டது. அது கடுமையான ஸ்டீரொயிட், யாரும் மேற்பார்க்காமல் பூசியிருக்கிறேன். ஸ்டீரொயிட் கெட்டது என்று இதை எடுக்காதீர்கள். வைத்தியர் சொன்ன பலத்தில், சொன்ன நாளுக்குப் பூசினால் அதைப்போல உதவுகிறது வேறில்லை. சூட்கேசில் வருகிற கிறீமைத்தான் சொல்கிறேன், அதுவும் ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, அன்ரிபயோற்றிக் மூன்றையும் ஒரே ட்யூப்பில் கலந்தவற்றை.

ஒரு அவசரக் கிளினிக்கில் எனக்கு நடந்ததையும் கேளுங்கள். அங்கிருந்தவர் என் கையைப் பார்த்து, சிவப்பு இல்லையே, வெறும் வறட்சி என்று அனுப்பிவிட்டார். எங்கள் நிறத்தில் கரப்பன் சிவப்பாகத் தெரியாது, தம்பி. சாம்பல், மண்ணிறம், சில இடத்தில் ஊதா. சுவரில் தொங்கிய படங்கள் எல்லாம் வெள்ளைத் தோல். அதனால் நீங்கள் போகும்போது வாயால் சொல்ல வேண்டும்: இரவில் எத்தனை தரம் எழும்புகிறேன், எங்கே வெடித்து நீர் வடிகிறது, என்ன வேலை செய்கிறேன். மோசமான நாளில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள். சம்பந்தம் குழம்பிவிடும் என்று தோல் வியாதியைச் சட்டைக்குள் மறைக்கிற வழக்கத்தால் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வருடக்கணக்காக அவதிப்படுகிறார்கள் என்று நான் பார்த்துவிட்டேன்.

உங்கள் அனுமதியில் முழுநேர வேலை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஓஹிப் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வைத்தியர் கிடைக்கும்வரை 811க்கு அடித்தால் ஒரு தாதி கதைப்பார். தோல் வைத்தியருக்குக் கடிதம் கேளுங்கள். நாளாகும், ஆனால் வரிசையில் நிற்கத் தொடங்குங்கள். ஸ்டீரொயிட் இல்லாத டக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது, ஒளிச் சிகிச்சை இருக்கிறது. கடுமையான கரப்பனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற டூபிலுமாப் ஊசிக்கு 2017இல் கனடாவில் அங்கீகாரம் கிடைத்தது. அது விலை கூடியது. வருமானத்தோடு ஒப்பிட்டால் மருந்துச் செலவு அதிகமாக உள்ளவர்களுக்கு ஒன்ராறியோவில் ட்ரிலியம் என்ற திட்டம் உண்டு. பலர் கேட்டதே இல்லை. இவையெல்லாம் பார்த்த பிறகும் நித்திரை வரவில்லை என்றால், உங்கள் உடம்பையும் உங்கள் விண்ணப்பத்தையும் தெரிந்த வைத்தியரிடம் கஞ்சாவைப் பற்றிக் கேளுங்கள். கார் ஓட்டுகிறேன் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள்.

வேலையிடத்தில் பருத்திக் கையுறை போட்டு அதன் மேல் வைனைல் கையுறை போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். முதலாளி முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். கையில் காசு கொடுத்துப் புதுப் பிள்ளைகளை வேலை வாங்கி, கையுறைக்குக் கணக்குப் பார்க்கிற எங்கள் முதலாளிமார் சிலரை எனக்குத் தெரியும். ஊருக்குப் போனால் கோவில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பார்கள்.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஆட்கள் யாருமில்லை. தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்த ஒரு ஜமெய்க்காப் பெண். எனக்கு அப்போது ஆங்கிலம் பத்துச் சொல்தான் தெரியும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்தவர், குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வைத்து, துவாயால் தேய்க்கவிடாமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயமுன்னம் தன் பையில் இருந்த வசலீனை விரல் விரலாகப் பூசிவிட்டார். மணம் இல்லாதது, மணம் இல்லாதது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கே என் சந்தனச் சவர்க்காரத்தைக் குப்பையில் போட்டேன். அடுத்த கிழமை அவர் எனக்கென்று ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

ஹீற்றரில் காய்ந்த காற்றுக்கு ஈரம் கொடுக்கிற கருவி பழையதாக ஒன்று எங்கள் வீட்டு நிலவறையில் சும்மா கிடக்கிறது, நன்றாக வேலை செய்யும். தண்ணீரைத் தினம் மாற்றிக் கழுவி வைத்தால் போதும். எந்தச் சந்திக்குக் கிட்ட இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கடைக்குப் போகும்போது கொண்டுவந்து தருவார்.