கொலாஜன் சரியாக மடிந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எலிவாலிலிருந்து கொலாஜன் (தோல், தசைநாண்களில் இருக்கும் புரதம்) பிரித்துவிட்டேன், அது ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதாவது அதன் மூன்று புரத இழைகளின் முறுக்கு குலையாமல் இருக்கிறதா என்பது கேள்வி. (1954இல் அந்த வடிவத்தை முன்வைத்தவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான்.)

முதலில் சிடி ஸ்பெக்ட்ரம் (வட்டமுனைவு ஒளியைப் புரதம் உறிஞ்சும் விதத்தைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். 197 நானோமீட்டர் பக்கம் வரும் பள்ளத்தை மட்டும் நம்பாதீர்கள், பிரிந்த இழையும் அதைக் காட்டும். 221 பக்கம் வரும் சின்ன மேடுதான் சாட்சி. கருவியை அந்த அலைநீளத்திலேயே நிறுத்தி, மாதிரியை மெல்லச் சூடேற்றினால், நல்ல கொலாஜனில் 40 டிகிரி அருகே மேடு சட்டென்று சரியும். ஏற்கெனவே முறுக்கு குலைந்து ஜெலட்டின் ஆகிவிட்டதென்றால் அந்தச் சரிவே வராது. நம் ஊர் மே மாதத்தில் ஏசி நின்றால் குப்பியை ஐஸில் வையுங்கள்!

எனக்குப் பிடித்தது ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) சோதனை. நடுநிலை பஃபரில், 20 டிகிரியில், சில நிமிடம் ட்ரிப்சினோடு வைத்து, நொதியை நிறுத்திவிட்டு, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். முறுக்கு இறுக்கமாக இருந்தால் நொதிக்குப் பல் இறங்காது. ஆல்ஃபா பட்டைகள் (ஜெல்லில் கொலாஜன் இழைகள் காட்டும் கோடுகள்) அப்படியே நிற்கும். அப்புறம், அதே கொலாஜனில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்து முறுக்கைக் குலைத்து, ஆறியவுடனே இதே சோதனையைச் செய்து ஜெல்லின் பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். அந்தப் பட்டையும் மறையவில்லை என்றால் உங்கள் ட்ரிப்சின் செத்துவிட்டது.