கல்லின் விலையும் நிலத்தின் வரியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குவாரியில் ஒரு பாதி கல்லாங்குத்துப் புறம்போக்கு, ஏலத்தில் போனது. மறுபாதி என் உறவினரின் பட்டா நிலம். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. இரண்டுக்கும் பணம் கட்டித்தான், கல்லை லாரியில் கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டு வாங்குகிறார்கள். பட்டாதாரர் தன் நிலத்துக் கல்லுக்கு ஏன் கட்ட வேண்டும்? போதாததற்கு இப்போது கனிம நில வரியும் வந்திருக்கிறது. அரசு என்பது நிலத்துக்குச் சொந்தக்காரரா, வரி வசூலிப்பவரா?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

இரண்டும்தான். புறம்போக்கில் அரசு சொந்தக்காரர். 1957ஆம் ஆண்டின் மத்தியக் கனிமச் சட்டம், கட்டடக் கல் போன்ற சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. அதன் வழியே வந்த தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு விதிகளின் கீழ் குத்தகை தரப்படுகிறது. அங்கே ஏலத்தொகையும், வெட்டும் அளவுக்கேற்பக் கட்டும் சீனியரேஜும் விற்ற பொருளின் விலை.

பட்டா நிலம் அப்படியன்று. கேரளத்தின் மலபார் ஜன்ம நிலங்கள் (பரம்பரை முழு உடைமை நிலங்கள்) குறித்த வழக்கில், சட்டப்படி பறிக்கப்படாதவரை அடிநிலக் கனிமம் நிலத்துக்குரியவருக்கே சேரும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அவர் ராயல்டி (சிறுகனிமத்தில் சீனியரேஜ் என்பது இதுவே) கட்ட வேண்டுமா என்பதை, ஒன்பது நீதிபதிகள் அமர்வின் முன் நிலுவையில் இருப்பதாகச் சொல்லித் தொடாமல் விட்டது. அந்த அமர்வு 2024 ஜூலை 25 அன்று, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியன்று, குத்தகை எடுத்தவர் கொடுத்தவருக்குத் தரும் ஈடு என்றது. இதில் நம் ஊர்க் கதையும் உண்டு. ராயல்டியும் வரியே என்று சொன்ன 1989ஆம் ஆண்டு இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்புதான், பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு ராயல்டியின்மேல் விதித்திருந்த செஸ் என்ற கூடுதல் வரியைச் செல்லாததாக்கியது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கிய பிறகே 2024 டிசம்பரில் நம் சட்டமன்றம் கனிம நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஈடு என்றால் யாருடைய பொருளுக்கு என்று உங்கள் உறவினர் கேட்கலாம், கேள்வி நியாயமானது. அவரைப் பொறுத்தவரை சீனியரேஜைவிட வரிக்கே எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. லாரி உடைக்கும் சாலை ஊருக்குப் பொது அல்லவா?

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'தடுப்பு இல்லை' என்பதுதான் என்னை உறுத்துகிறது. நடைச்சீட்டில் லாரி எண், நேரம், எடை எல்லாம் இருக்கும். கல் எந்தப் புல எண்ணில் வெட்டப்பட்டது என்பதைக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. புறம்போக்குக் கல் பட்டாச் சீட்டில் வெளியேறினால் சோதனைச் சாவடியில் எவரும் பிடிக்க மாட்டார்கள். இரண்டு குழிகளையும் தனித்தனியே நீளம், அகலம், ஆழம் அளந்து, கன மீட்டருக்கு இரண்டரை டன்னுக்குச் சற்று மேல் என்று பெருக்கி, அந்தந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இதற்காகவே என்று இல்லாவிட்டாலும், குத்தகை நிபந்தனைகளில் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டரும் புறம்போக்கை ஒட்டி 10 மீட்டரும் வெட்டாமல் விடச் சொல்வது வழக்கம்.

அடுத்த முறை போகும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். எல்லைக்கல் இன்னும் நிற்கிறதா என்று எழுதுங்கள்.