சம்பள நாளுக்கு முந்தைய இரவில் புதிய பதிப்பா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் போடும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். பீஸ் ரேட் கணக்கை, அதாவது செய்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி போடும் பகுதியை, முழுவதும் மாற்றி எழுதியிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை வளர்பிறை, நல்ல நாள் என்பதால் அன்றிரவே எல்லாக் கம்பெனிகளுக்கும் ஏற்றிவிட வேண்டும் என்கிறார் முதலாளி. எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போது வெளியிடுவது சரி?
- ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்பது உங்கள் முதலாளிக்குத் தெரியாததல்ல. வெள்ளி இரவு ஏற்றும் பதிப்புக்கு முதல் சோதனையே, மறுநாள் மாலை தொழிலாளர்கள் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போதுதான் நடக்கும். ஒருவருக்கு ஐம்பது ரூபாய் குறைந்தாலும் அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனியின் கணக்காளர். அவர் உங்களை அழைக்கும் நேரத்தில் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள்.

தேதியை வாடிக்கையாளரின் வேலை நாட்களைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 ஆகிய தேதிகளும், பி.எப். கட்ட 15ஆம் தேதியும் கெடு. ஆகவே 21ஆம் தேதிக்குப் பிறகு வரும் புதன்கிழமை உங்களுக்குத் தோதானது. திங்கட்கிழமை என்றால் முந்தைய வாரச் சம்பளத்தின் புகார்களும் சேர்ந்து வரும். செவ்வாய் என்றால் முதலாளி ஒப்பமாட்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், சாத்திரமும் உங்கள் பக்கம்தான்!

தேதியைவிட முக்கியமானது, பிழை வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பி வரும் வழி. 2024 ஜூலை 19, ஒரு வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள்; ஆனாலும் ஏற்கெனவே முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் புதிய பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றி, அதில் இரண்டு நாள் உற்பத்திக் கணக்கையும் பதிந்துவிட்டிருந்தால், பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாது. பேக்அப்பை மீட்டாலோ அந்த இரண்டு நாள் கணக்கு போய்விடும். எனவே இந்த முறை புதிய விவரங்களுக்குத் தரவுத்தள அட்டவணையில் தனிப் பத்திகளை (column) மட்டும் சேருங்கள், பழைய பத்திகளில் பதிவதை நிறுத்தாதீர்கள். எல்லாக் கம்பெனிகளும் இரண்டு மூன்று சம்பளங்களை நல்லபடியாகக் கடந்த பின், அடுத்த பதிப்பில் பழையவற்றை நீக்கலாம்.

வெளியிடுவதற்கு முன், உங்களிடம் நல்ல பழக்கமுள்ள ஒரு கம்பெனியின் அனுமதியோடு கடந்த நான்கு வாரக் கணக்கை வாங்கி, இரண்டு பதிப்புகளிலும் ஓட்டி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வரும் தொகையை ரூபாய் பைசாவோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர், வாரத்தின் நடுவில் ரேட் மாறியவர், முன்பணம் கழித்தவர் ஆகியோரின் வரிகளில்தான் வித்தியாசம் தலைகாட்டும். பிறகு அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் புதன்கிழமை ஏற்றி, சனிக்கிழமை மாலை உங்கள் ஆள் ஒருவரை அங்கேயே உட்கார வையுங்கள். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில், சிலர் சிலராகக் கொடுக்கலாம்.

ஜிஎஸ்டி பில் பகுதியில் ஏதேனும் மாற்றம் இருந்தால் அதை இதனோடு சேர்க்காதீர்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் பிழை எதிலிருந்து வந்தது என்று தேடுவதிலேயே ஒரு நாள் கழியும். தீபாவளி போனஸ் கணக்கு தொடங்கிவிட்டால், பட்டுவாடா முடிந்து ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வரை எந்தப் பதிப்பும் வெளியிட வேண்டாம்.